டாரட்டா, லெனார்மாண்டா, நம்ம கிளிச் சீட்டா?

சீட்டுப் பார்த்துக் குறி சொல்லக் கற்றுக்கொள்ள ஆசை, எந்தக் கட்டு வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் டாரட்டைச் சொல்வதில்லை. லெனார்மாண்ட் வாங்குங்கள் என்பேன். மொத்தமே 36 சீட்டு. கப்பல், வீடு, நாய், எலி, சாவி, கடிதம் என்று சீட்டுக்கு ஒரு படம். புதியவர்கள் சீக்கிரம் பழகிவிடுவார்கள். வேடிக்கை என்னவென்றால், வருஷக்கணக்கில் டாரட் பார்த்தவர்கள்தான் இதில் திணறுகிறார்கள்.

டாரட்டில் 78 சீட்டு, 22 பெரியவை, 56 சின்னவை. இன்று கிடைக்கிற கட்டுகளில் முக்கால்வாசி 1909-ல் லண்டனில் வெளியான ரைடர்-வெயிட் கட்டின் வழி வந்தவை. அதற்குப் படம் வரைந்தவர் பமேலா கோல்மன் ஸ்மித். மூன்று வாள் குத்திய இதயத்தைப் பார்த்தால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது, படமே கதை சொல்லிவிடும். ஆனால் தலைகீழாக வந்தால் வேறு அர்த்தம் என்று எடுத்துக்கொண்டால் 156 அர்த்தம் படிக்க வேண்டும், அங்கேயே பாதிப் பேர் கழன்றுவிடுகிறார்கள். அப்புறம், டாரட் மனசைப் பற்றித்தான் நிறையப் பேசும். நம்ம திருநெல்வேலிப் பக்கம் வருகிற கேள்விகளோ துபாய் விசா வருமா, அம்பாசமுத்திரத்து வயல் விலைபோகுமா, பிள்ளைக்கு வரன் எப்போது அமையும் என்கிற ரகம்.

அதற்கு லெனார்மாண்ட் தோது. தனிச் சீட்டு பெரிதாக ஒன்றும் சொல்லாது, பக்கத்துச் சீட்டோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். முதல் சீட்டு விஷயம், அடுத்தது அந்த விஷயத்தின் தன்மை. கடிதமும் கப்பலும் சேர்ந்தால் தூரத்திலிருந்து தகவல். மோதிரத்துக்குப் பக்கத்தில் எலி வந்தால் ஏதோ ஒப்பந்தம் கொஞ்சம் கொஞ்சமாக அரிபடுகிறது. டாரட் பழகியவர் இங்கேதான் மாட்டுவார்: கப்பலின் பாய் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, வானம் என்ன நிறம் என்று படத்துக்குள் இறங்கிவிடுவார், இதில் அதெல்லாம் கணக்கே இல்லை. ஆனால் பழகிவிட்டால் அவருக்குத்தான் விருந்து, ஏனென்றால் 36 சீட்டையும் மொத்தமாகப் பரப்பி, கேட்பவரைக் குறிக்கிற ஆண் அல்லது பெண் சீட்டிலிருந்து எது கிட்டே எது தள்ளி என்று பார்க்கிற பெரிய விரிப்பு ஒன்று இருக்கிறது, அதைப் படிக்க நல்ல அனுபவம் வேண்டும். ஒரு தொல்லை, வேலைக்கு நங்கூரம் என்று ஒரு சாரார், நரி என்று இன்னொரு சாரார். ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள், கலந்தால் குழப்பம்தான்.

பெயருக்குத்தான் பாரிஸில் குறி சொன்ன லெனார்மாண்ட் அம்மையார் (1772–1843). கட்டின் மூலம், 1799 வாக்கில் நூரம்பர்க்கில் ஹெக்டெல் என்பவர் போட்ட வீட்டு விளையாட்டு. டாரட்டும் 15-ம் நூற்றாண்டு இத்தாலியில் ஆட்டச் சீட்டாகத்தான் இருந்தது, ஆகவே எகிப்து ரகசியம் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

ஆரக்கிள் கட்டுகள் என்று, போடுகிறவர் இஷ்டத்துக்குப் படம் வைத்த குறிச் சீட்டுகளும் உண்டு. அழகாக இருக்கும், ஆனால் கட்டுக்குக் கட்டு விதி வேறு. ஒன்றைப் படித்தது இன்னொன்றுக்கு உதவாது.

சரி, டவுண் ரதவீதியில் பார்த்த கிளிச் சீட்டு? அதில் விரிப்பு கிடையாது. சாமி படம் போட்ட ஒரே சீட்டு வரும், மிச்சமெல்லாம் ஜோசியர் வாய்ச் சாமர்த்தியம். கேட்பவர் முகத்தைப் பார்த்துப் பார்த்து அவர் வார்த்தையைத் திருப்புகிற லாகவம் இருக்கிறதே, அது எந்தக் கட்டின் கையேட்டிலும் கிடைக்காது. கிளியை மட்டும் விட்டுவிடுங்கள், 1972 வனவிலங்குச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் கூண்டில் வளர்ப்பதும் குற்றம்.

லெனார்மாண்டில் வீட்டுக்குள் எதிர்ப்பு வருகிற இடம் ஒன்று உண்டு, எட்டாம் சீட்டு சவப்பெட்டி. ஒரு விஷயம் முடிகிறது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம், உடம்பு சரியில்லாததையும் காட்டும். ஆச்சி கண்ணில் பட்டால் இதெல்லாம் எடுபடாது, "அந்தச் சவத்தத் தூக்கித் தூரப் போடுல" என்பாள்.

உடனே காசு போட வேண்டாம் என்றால் பழைய ரம்மிக் கட்டில் ஜோக்கர், 2, 3, 4, 5 எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள், சரியாக 36 மிஞ்சும். லெனார்மாண்ட் சீட்டு ஒவ்வொன்றுக்கும் இதில் ஜோடி உண்டு: ஆட்டின் ஏஸ் ஆண், இஸ்பேட் ஏஸ் பெண், இஸ்பேட் பத்து கப்பல், டைமன் ஏஸ் சூரியன். மூலையில் பேனாவால் பெயரை எழுதிக்கொண்டு ஆரம்பிக்கலாம். சவப்பெட்டிக்கு ஜோடியான டைமன் ஒன்பதில் மட்டும் கொஞ்சம் சின்ன எழுத்தாக எழுதுங்கள், ஆச்சி இருக்கிற வீடென்றால்.