ஸ்ட்ரிப்பா, மீட்டரா, லொகரா, பூச்சியா? மலை ஓடைத் தண்ணிட பீஎச் பார்க்க எது சரிவரும்

மட்டக்களப்பு உன்னிச்சைக்கு அங்கால காட்டோரமா ஒரு சின்ன ஓடை, அதில மாசம் ஒருக்கா பீஎச் (தண்ணி எவ்வளவு புளிப்பு எண்டு காட்டுற எண், குறைஞ்சாப் புளிப்புக் கூட) பார்ப்பம் எண்டு எங்கட பள்ளிக்கூடத்துப் புள்ளையளோட இறங்கினன். "ஸ்ட்ரிப் வாங்கினாக் காணும்தானே சேர்" எண்டாங்க, நானும் ஓமெண்டு தலையாட்டிட்டன்.

ஸ்ட்ரிப் எண்டா தண்ணியில தோச்சா நிறம் மாறுற துண்டு; மலிவு, உடையாது, ஆர்ட கையிலயும் குடுக்கலாம், எல்லாம் சரிதான். ஆனா நம்மட பக்கம் யாழ்ப்பாணம் மாதிரி சுண்ணாம்புக்கல் இல்ல, கருங்கல்லுப் பாறை, அதில வடிஞ்சு வாற தண்ணியில கரைஞ்ச உப்பு குறைவு, அப்படித் தண்ணியில ஸ்ட்ரிப்பில இரிக்கிற சாயமே பீஎச்சை அசைச்சுப் போடும். மூணு புள்ளையள் பாத்தா மூணு நிறம், ஒராள் 6 எண்டுறா, மற்றவ 7 எண்டுறா. ஒண்டுதானே எண்டு நினைக்காதீங்க, அது அமிலத்தில பத்து மடங்கு! வருஷக்கணக்கா பார்க்கிற வேலையில நாம தேடுறது 0.2, 0.3 மாற்றத்தை. மீன்தொட்டிக்கு ஸ்ட்ரிப் போதும், இதுக்கு ஆகாது.

மறுகா பேனா மீட்டர். கைக்குழந்தை மாதிரி பார்க்கணும், ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால பீஎச் 4, 7 எண்டு முதலே தெரிஞ்ச பஃபர் கரைசல்ல வெச்சுச் சரிபார்க்கணும், தண்ணியில முக்கிற மூக்கைப் பொட்டாசியம் குளோரைட் கரைசல்ல ஊற வைக்கணும். நான் புத்திசாலி எண்டு வடிச்ச தண்ணியில ரெண்டு கிழமை ஊறவெச்சன், மறுகா நம்பர் ஒரு இடத்தில நிக்கவே இல்ல. உப்பு குறைஞ்ச தண்ணியில நம்பர் ஆறுதலாத்தான் வந்து நிக்கும், அஞ்சு நிமிஷமாவது பொறுக்கணும், ஓடைக்கரையிலயே பார்க்கணும். அரைப்போத்தலில அடைச்சு டவுனுக்குக் கொண்டு வந்தா காபனீரொட்சைட்டு வெளியேறி பீஎச் கூடிரும்.

லொகர்? தண்ணியில போட்டு விட்டா மணிக்கொருக்கா தானே எழுதும். பெரிய மழைக்கு பீஎச் திடீரெண்டு இறங்கி ரெண்டொரு நாளில ஏறிரும், அந்தப் பள்ளத்தை மாசம் ஒருக்காப் போறவன் பிடிக்கேலாது. ஆனா விலை கூட, பாசி பிடிச்சா காட்டுற நம்பர் மெல்லமெல்ல விலகும், வெள்ளம் அடிச்சா ஆளே இல்ல. நமக்கு இப்ப வேணாம்.

பூச்சியைத்தான் ஆரும் கணக்கெடுக்கிறல்ல. கல்லைப் புரட்டிப் பாருங்க, மேஃப்ளைக் குடம்பியில கன வகைக்கும் நத்தைக்கும் புளிப்புத் தண்ணி ஒத்துக்காது. மீட்டர் அண்டைக்கு உள்ளதைத்தான் சொல்லும், பூச்சி போன மாசத்துக் கதையையும் சொல்லும். ஆனா எவ்வளவு எண்டு நம்பர் தராது. பிரித்தானியாவில கந்தகப் புகையால வாற அமில மழைட பாதிப்பைப் பார்க்க 1988ல 11 ஏரி, 11 ஓடையில தொடங்கின கண்காணிப்பில இரசாயனத்தோட பூச்சியையும் டயட்டம் பாசியையும் சேர்த்துத்தான் பார்த்தாங்க, ஓடைத் தண்ணி மாசாமாசம். கந்தகப் புகை குறைஞ்சு தண்ணி திருந்தத் தொடங்கினாப் பிறகும் உயிரினங்கள் ஆறுதலாத்தான் திரும்பிச்சு.

என்னைக் கேட்டா பேனா மீட்டர், அதோட வருஷத்தில ரெண்டு தரம் கல்லுப் புரட்டல். பள்ளிக்கூட லாப்ல பியூரெட் இரிந்தா அல்கலினிட்டியும் (அமிலத்தைத் தாங்குற சக்தி) பாருங்க, பீஎச் விழமுதல் அதுதான் குறையும். இடையில மீட்டரை மாத்தினா பழசையும் புதுசையும் கொஞ்ச மாசம் ஒண்டா வெச்சுப் பார்க்கணும், இல்லாட்டி மாறினது ஓடையா மீட்டரா எண்டு தெரியாது. காலமைக்கே போயிருங்க, பின்னேரம் அந்தப் பக்கம் ஆனை இறங்கும்.