அவுட்லேண்டரும் பிரிட்ஜர்ட்டனும்: புக் படிக்கணுமா, சீரிஸ் பாத்தா போதுமா?

"அதான் சீரிஸ் வந்துடுச்சே, இனிமே எதுக்கு புக்"னு நிறைய பேர் கேக்கறாங்க. பொதுவா பதில் சொல்ல முடியாது, எந்த புக், எந்த சீசன்னு பாத்துதான் சொல்லணும். அதனால எனக்கு ரொம்ப பிடிச்ச ரெண்ட மட்டும் எடுத்துக்கறேன், ஒண்ணு டயானா கேபல்டனோட அவுட்லேண்டர் (முதல் புக் 1991, ஸ்டார்ஸ் சேனல்ல சீரிஸ் 2014), இன்னொண்ணு ஜூலியா க்வின்னோட பிரிட்ஜர்ட்டன் (2000ல ஆரம்பிச்ச 8 புக், நெட்ஃபிளிக்ஸ்ல 2020 டிசம்பர்). நான் பாக்கறது ஒரே விஷயம்தான். சம்பவங்கள எப்படி வேணா மாத்திக்கட்டும், ஆனா அந்த ரெண்டு பேரும் ஏன் ஒருத்தர விட்டு ஒருத்தர் இருக்க முடியாம போனாங்கங்கற காரணத்துல கை வைக்கக் கூடாது.

அவுட்லேண்டர் கதை தெரியாதவங்களுக்கு: ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சு புருஷன் ஃபிராங்க்கோட ஸ்காட்லாந்துல ஹனிமூன் மாதிரி ஒரு டிரிப் வந்த நர்ஸ் கிளேர், ஒரு கல்வட்டத்துல கைய வச்சதும் 1743க்கு போயிடறா, அங்க ஃபிராங்க்கோட மூதாதை பிளாக் ஜாக் ராண்டல்னு ஒரு கொடூரமான இங்கிலீஷ் ராணுவ ஆபீசர், அவன்கிட்ட இருந்து தப்பிக்க ஜேமி ஃபிரேசர்ங்கற ஸ்காட்லாந்துக்காரனக் கட்டிக்க வேண்டி வருது. புக் முழுக்க கிளேர் தன் வாயால சொல்றதுதான். ஃபிராங்க்கும் ராண்டலும் ஒரே முகம்னு புக்ல அவ சொல்லும்போது படிச்சிட்டு அடுத்த பக்கம் போயிடுவோம், ஆனா சீரிஸ்ல டோபியாஸ் மென்சீஸ்ங்கற ஒரே ஆளுதான் ரெண்டு பேரும், முத எபிசோட்ல பொண்டாட்டிய அவ்வளவு ஆசையா பாத்த அதே கண்ணு கொஞ்ச நேரத்துல அவள ஒரு பூச்சிய பாக்கற மாதிரி பாக்குது பாருங்க, எனக்கு உடம்பே சிலிர்த்துடுச்சு. இது எழுத்தால செய்ய முடியாத வேலை. இன்னொண்ணு, அந்த ஊர்க்காரங்க கேலிக் மொழில பேசும்போது கீழ சப்டைட்டிலே போட மாட்டாங்க, கிளேருக்கு என்ன புரியுதோ அதான் நமக்கும், யாருன்னே தெரியாத ஆளுங்க நடுவுல மாட்டிக்கிட்ட அவ பயம் அப்படியே நமக்கும் வந்துடும்.

கல்யாண எபிசோட பத்தி தனியா சொல்லியே ஆகணும். புக்ல கல்யாணம் வரிசையாதான் போகும். சீரிஸ்ல நேரா கல்யாணம் முடிஞ்ச ரூம்ல கொண்டுபோய் உக்கார வச்சிடறாங்க, ரெண்டு பேருக்கும் கூச்சம், என்ன பேசறதுன்னு தெரியாம குடிக்கறாங்க, அவ அவன் குடும்பத்த பத்தி கேக்கறா, நடுநடுல அன்னிக்கு காலைல நடந்தது துண்டு துண்டா வருது, சர்ச்ல முறையாதான் நடக்கணும், டிரெஸ் வேணும், மோதிரம் வேணும்னு இவன் அடம்பிடிச்சிருக்கான்னு அப்பதான் தெரியுது. அவசரத்துக்கு பண்ண கல்யாணம்னு நினைச்சிட்டு இருந்தவளுக்கு இவன் இவ்வளவு மெனக்கெட்டிருக்கான்னு தெரியற அந்த நிமிஷம்தான் காதல் ஆரம்பம்னு எனக்கு தோணுது, அத புக்க விட சீரிஸ் அழகா பண்ணிச்சு. மோதிரத்த மட்டும் மாத்திட்டாங்க, புக்ல திஸ்ல் பூ செதுக்கின வெள்ளி மோதிரம், சீரிஸ்ல அவன் வீட்டு சாவிய வச்சு பண்ண இரும்பு மோதிரம். புக் ரசிகர்கள் நிறைய பேருக்கு இது பிடிக்கல, எனக்கு சாவிதான் பிடிச்சிருக்கு.

ஆனா முதல் சீசன் கடைசி ரெண்டு எபிசோடுக்கு புக்தான். ஜெயில்ல ராண்டல் ஜேமிய பண்ற சித்திரவதைய, கிளேர் கதை சொல்றதால, புக்ல நாம நேரா பாக்கறதில்ல, அப்புறமா ஜேமி வாயால கொஞ்சம் கொஞ்சமா தெரிய வரும், அவன் மீண்டு வர்றதுக்கும் நிறைய பக்கம் இருக்கு. சீரிஸ் அத்தனையும் கண்ணு முன்னாடி காட்டிட்டு மீண்டு வர்றத சுருக்கமா முடிச்சிடுது. மனசு திடமா இல்லாத நேரத்துல தயவுசெஞ்சு அத பாக்காதீங்க. அப்புறம் வந்த சீசன்கள்ல பெரிய மாற்றம்னா முர்ட்டாதான், புக்ல 1746 கல்லோடன் சண்டையில செத்துப்போற மனுஷன சீரிஸ்ல அஞ்சாவது சீசன் வரைக்கும் உயிரோட வச்சிருந்தாங்க. நல்ல முடிவு, ஜேமிக்கு அப்பா ஸ்தானத்துல இருந்தவர் அவர்தானே.

இப்ப பிரிட்ஜர்ட்டன். லண்டன் பிரபுக்கள் நடுவுல பிரிட்ஜர்ட்டன் குடும்பத்துப் பிள்ளைங்க ஒவ்வொருத்தரோட காதல் கதை, ஒரு புக்குக்கு ஒருத்தர். முதல் சீசன்ல ஒரு பெரிய வேலை பண்ணிட்டாங்க, ஊர் வம்பெல்லாம் பேர் மறைச்சு எழுதற லேடி விசில்டவுன் பெனலோப்தான்னு க்வின் நாலாவது புக் வரைக்கும் மறைச்சு வச்சத கடைசி சீன்லயே காட்டிட்டாங்க. அது எனக்கு ஓகே, பெனலோப்ப அடுத்தடுத்த சீசன்ல வேற கண்ணால பாக்க முடிஞ்சுது. எனக்கு மனசு ஆறாதது 2022ல வந்த ரெண்டாவது சீசன்.

நல்லத முதல்ல சொல்லிடறேன். இதோட கதாநாயகி புக்ல கேட் ஷெஃபீல்டு, சாதாரண இங்கிலீஷ்காரப் பொண்ணு. சீரிஸ்ல அவ இந்தியால இருந்து வர்ற கேட் ஷர்மா, நடிச்சது சிமோன் ஆஷ்லி, தங்கச்சி எட்வினாவா சரித்ரா சந்திரன், ரெண்டு பேருமே தமிழ்க் குடும்பத்துப் பொண்ணுங்க. லண்டன் பிரபுக்கள் கதைல ஒருத்தி செத்துப்போன தன் அப்பாவ "அப்பா"ன்னே சொல்றா, தங்கச்சி தலைக்கு உக்கார வச்சு எண்ணெய் தேய்க்கறா, கல்யாணத்துக்கு முன்னாடி மஞ்சள் பூசறாங்க. சின்ன வயசுல இருந்து இந்த மாதிரி கதைகளப் படிச்சிட்டு அதுல நம்ம முகத்துக்கு இடமே இல்லன்னு இருந்தவளுக்கு இது எவ்வளவு பெரிய சந்தோஷம்னு சொல்லி முடியாது.

ஆனா காதலோட காரணம்? கதாநாயகன் ஆன்டனி, பிரிட்ஜர்ட்டன் வீட்டு மூத்த பையன், அவனோட அப்பா 38 வயசுல தேனீ கொட்டி செத்துப்போனார். புக்ல இவன் தானும் அந்த வயசத் தாண்ட மாட்டேன்னு உறுதியா நம்பறான், அதனால பொண்டாட்டி வேணும், ஆனா அவமேல காதல் வரவே கூடாதுன்னு இருக்கான், காதல் வந்துட்டா சாகறது கஷ்டமாயிடுமே. தோட்டத்துல கேட் மேல ஒரு தேனீ கொட்டுது, இவன் பதறிப்போய் வாய வச்சு விஷத்த உறிஞ்சப் பாக்கறான், பெரியவங்க பாத்துடறாங்க, வேற வழியில்லாம கல்யாணம், அதுவும் புக்கோட பாதியிலயே. மீதி பாதி முழுக்க அவன் அந்த பயத்தோட அவகூட குடும்பம் நடத்தறதுதான் கதை. சீரிஸ்ல தேனீ கொட்டினதும் மூச்சு விட முடியாம நடுங்கறவன் கைய எடுத்து அவ தன் நெஞ்சு மேல வச்சு, எனக்கு ஒண்ணுமில்லன்னு காட்டறா. ஆன்டனியா வர்ற ஜோனதன் பெய்லி அதுல நடிக்கல, வாழ்ந்திருக்கார். ஆனா அதோட சரி, அந்த 38 வயசு பயமே பின்னாடி போயிடுது, அப்புறம் ஆன்டனி முதல்ல கட்டிக்க நினைச்ச எட்வினா கல்யாண மேடை வரைக்கும் போற முக்கோணக் கதைய இழுத்துட்டே போறாங்க, புக்ல அவளுக்கு இவன் மேல காதலே கிடையாது. கேட்டுக்கும் ஆன்டனிக்கும் நடக்கற கல்யாணத்தக் கூட அந்த சீசன்ல காட்டல!

அவுட்லேண்டர் முதல் புக் 600 பக்கத்துக்கு மேல, மெதுவாதான் போகும், அதனால சீரிஸ்ல ஆரம்பிச்சா தப்பில்ல, ஜெயில் பகுதி வரும்போது புக்குக்கு மாறிக்கோங்க. பிரிட்ஜர்ட்டன் இங்கிலீஷ் ரொம்ப சுலபம், வீக்எண்டுல முடிச்சிடலாம். ரெண்டாவது சீசன்ல தேனீ வர்ற மூணாவது எபிசோட் வரைக்கும் கண்டிப்பா பாருங்க, பாத்துட்டு அங்கயே நிறுத்தி இந்த சீசனோட மூலக்கதையான தி வைகவுண்ட் ஹூ லவ்ட் மீ புக்க எடுங்க, கேட் முகத்துக்கு சிமோன் ஆஷ்லிய வச்சுக்கிட்டே படிங்க.