கால் பழகாமல் மஸ்டாங் பறக்காது: டிசிஎஸ் வேர்ல்டில் இரண்டாம் உலகப்போர் விமானங்கள், நாகர்கோவில் பக்கத்திலிருந்து ஒரு நீண்டகால அனுபவம்

டிசிஎஸ் வேர்ல்ட் என்ற கம்ப்யூட்டர் விமான விளையாட்டில் பழைய போர்விமானம் பழக வருகிறவர்களில் பெரும்பாலானோர் நேராகச் சண்டைக்குப் போய்விடுகிறார்கள். வானத்தில் இந்த விமானங்கள் அவ்வளவு படுத்துவதில்லை. படுத்துவதெல்லாம் ரன்வேயில்தான். அதனால் முதல் சில வாரங்கள் துப்பாக்கியையே மறந்துவிடலாம்.

தொடங்கக் காசு வேண்டாம். மஸ்டாங் என்ற அமெரிக்கப் போர்விமானத்தின் ஆயுதமில்லாத வடிவமான டிஎஃப்-51டி, டிசிஎஸ்-உடன் இலவசமாகவே வருகிறது. காகசஸ் வரைபடமும் அப்படியே. எஞ்சின், டெயில்வீல் (வால் சக்கரம்) நடத்தையெல்லாம் காசு கொடுத்து வாங்கும் பி-51டி (ஆயுதமுள்ள மஸ்டாங்) போலத்தான். சிறப்பு அமைப்புகளில் 'டேக்-ஆஃப் உதவி', 'ஆட்டோ ரடர்' என்று இரண்டு இருக்கும். ரடர் என்பது மூக்கை இடவலமாகத் திருப்ப, காலால் மிதித்து இயக்கும் வால் பலகை. ஆட்டோ ரடரை முதல் நாளே அணைத்துவிடுங்கள். டேக்-ஆஃப் உதவியை 100-இலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் போதும்.

டேக்-ஆஃபுக்கு ரடர் டிரிம் (ரடரை ஒரு பக்கம் சற்றே சாய்த்து வைக்கும் அமைப்பு) வலப்பக்கம் 6 டிகிரி. ஸ்டிக்கைப் பின்னால் இழுத்துப் பிடித்தால்தான் டெயில்வீல் லாக் ஆகும். முழுக்க முன்னால் தள்ளினால் அது விடுபட்டுச் சுழலும். ரன்வேயில் நேராக நின்று, பிரேக் பிடித்தபடி 30 அங்குலம் (எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்த அளவு) வரை த்ராட்டில் கொடுத்து, பிரேக்கை விட்டு, மெதுவாக ஏற்ற வேண்டும். மூக்கு இடப்பக்கம் இழுக்கும், வலது காலால் தாங்க வேண்டும். ஆபத்தான நொடி வால் தூக்கும்போது வருகிறது. சுழலும் புரொப்பல்லரின் அச்சு சாய்வதால் மூக்கு இன்னும் ஒருமுறை இடப்பக்கம் வெட்டும். அவசரப்பட்டு ஸ்டிக்கை முன்னால் தள்ளினால் டெயில்வீல் லாக்கும் போகும், அந்த வெட்டும் சேரும். அடுத்த கணம் விமானம் புல்லில் நிற்கும். ஸ்டிக்கை நடுவுக்கு விட்டு, வால் தானாக மிதக்கட்டும். காலை ஒரே அடியாக மிதிக்கக் கூடாது. சின்னச் சின்னதாகத் தட்டி, மூக்கு திரும்பத் தொடங்கும் முன்பே எதிர்த்து மிதித்து உடனே விட்டுவிட வேண்டும். அது கண் பார்த்துச் செய்கிற வேலையில்லை, காலுக்கு ஏற வேண்டிய பழக்கம்.

பி-51டி வாங்கிய பின் இன்னொரு சிக்கல் வரும். எரிபொருளை 68 சதவீதத்துக்கு மேல் ஏற்றினால் பைலட்டுக்குப் பின்னாலுள்ள 85 கேலன் தொட்டியும் நிரம்பத் தொடங்கும். பின் கேரியரில் அரிசி மூட்டை கட்டிய சைக்கிள்போல் வால் கனத்து, இறுக்கித் திருப்பினால் சுழலில் விழும். பழகும்வரை 50 சதவீதம் தாராளம்.

எஞ்சின் விஷயத்தில் ஒரே ஒழுங்கு: பவர் கூட்டும்போது முதலில் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுழற்சி), பிறகு த்ராட்டில், குறைக்கும்போது முதலில் த்ராட்டில், பிறகு ஆர்பிஎம். டேக்-ஆஃபுக்கு 3000 ஆர்பிஎம், 61 அங்குலம். அதன் பின் 2700, 46 அங்குலம். இதை மாற்றிச் செய்தால் மெர்லின் எஞ்சின் கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டுக் கையை விரிக்கும். கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) 121 டிகிரியைத் தொட்டால் சிவப்புக் கோடு. மூக்கைத் தூக்கிக்கொண்டு முழுப் பவரில் மெதுவாக ஏறுவதுதான் பெரும்பாலும் அதற்குக் காரணம். வேகத்தைக் கூட்டினால் இறங்கிவிடும்.

லேண்டிங்கில் கியரை (சக்கரங்களை) இறக்குவது 170 மைல் வேகத்துக்குக் கீழே, முழு ஃப்ளாப் (இறக்கையின் பின்விளிம்பு மடிப்பு) 165-க்குக் கீழே. கடைசி நேர்கோட்டில் 120 வைத்துக்கொள்ளலாம். தரை தொட்டபின் நிம்மதியடைகிறவர்கள்தான் விமானத்தோடு ரன்வேயில் சுற்றுகிறார்கள். விமானம் நிற்கும்வரை ஸ்டிக் வயிற்றோடு ஒட்டியிருக்க வேண்டும். இறங்குவது சரியில்லை என்று திரும்ப ஏறும்போது 61 அங்குலத்தை ஒரே தள்ளில் கொடுத்தால், அந்த மெதுவேகத்தில் டார்க் (புரொப்பல்லரின் முறுக்குவிசை) விமானத்தையே இடப்பக்கம் கவிழ்த்துவிடும். 45 அங்குலம் போதும்.

பிரிட்டிஷ் விமானமான ஸ்பிட்ஃபயர் மார்க் 9 அழகு. ஆனால் எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகை) தொட்டாற்சிணுங்கி. 20 அளவில் கர்வ் (ஸ்டிக்கின் நடுப்பகுதி அசைவை மென்மையாக்கும் அமைப்பு) வைத்தால்தான் கட்டுக்குள் வரும். தரையில் அதிக நேரம் ஓட்டினால் கூலன்ட் கொதிக்கும், ஆகவே ஸ்டார்ட் செய்து வீணாக நிற்காமல் புறப்பட வேண்டும். ஜெர்மன் விமானமான பிஎஃப் 109 கே-4 மூன்றாவதாக வரட்டும். சக்கரக் கால்கள் நெருக்கம், பறக்கும்போது ரடர் டிரிம்மும் கிடையாது.

காசு செலவழிக்க வேண்டிய முதல் பொருள் ரடர் பெடல். ரடருக்காக முறுக்கும் ஜாய்ஸ்டிக்கில், வேகமாகச் சாய்க்கும்போது கை அறியாமல் ரடரும் சேர்ந்து திரும்பும்; குறி தப்புவதற்குப் பாதிக் காரணம் அதுதான். மொசைக், டைல்ஸ் தரையில் பெடல் வழுக்கி ஓடும். குலசேகரம், மார்த்தாண்டம் பக்கம் மாட்டுத் தொழுவத்துக்குப் போடும் ரப்பர் மேட்டில் ஒரு துண்டு வெட்டி அடியில் போட்டு, பெடலையும் நாற்காலியையும் ஒரே பலகையில் பிணைத்தால் அசையாது. தலை திருப்பிப் பார்க்கப் பெரிய செலவு தேவையில்லை. வெப்கேமும் ஓப்பன்டிராக் என்ற இலவச மென்பொருளும் போதும்.

முட்டம், குளச்சல் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் ஈரமும் பொட்டென்ஷியோமீட்டர் (உரசி அசைவை அளக்கும் பாகம்) வைத்த மலிவு ஜாய்ஸ்டிக்குகளைச் சீக்கிரம் கெடுக்கும். கைவைக்காமலே அச்சு துடித்தால் அதுதான் அறிகுறி. காண்டாக்ட் கிளீனர் அடித்தால் கொஞ்ச காலம் ஓடும். துரு எடுக்கும் எண்ணெய் அடித்தால் தூசி ஒட்டி இன்னும் கெடும். கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் ஹால் சென்சார் (உரசாமல் காந்தத்தால் அளக்கும் பாகம்) உள்ள ஜாய்ஸ்டிக் வாங்குவதே நம்ம மாவட்டத்துக்கு லாபம்.

ஆடிக்காற்றில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. 600 விஏ யுபிஎஸ் கேமிங் கம்ப்யூட்டருக்குத் தாங்காது, 1000 விஏ-வாவது வேண்டும். அதுவும் இறங்கி முடிக்க மட்டும்தான். ஐப்பசி மழையில் இடி கேட்டால் பிளக்கோடு இன்டர்நெட் வயரையும் கழற்றிவிடுங்கள்.