“கடைக்குள்ள ஷார்ட்வேவ் எடுக்காது மேடம்”: இப்படிச் சொல்லி விற்பவர்களிடம் எச்சரிக்கை

சிற்றலை (ஷார்ட்வேவ்) ரேடியோ வாங்க சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். அங்கே ஒரு கடையில் ஒரு கையடக்க ரேடியோவை 6,500 ரூபாய்க்கும், ‘ஆக்டிவ் ஆன்டெனா’ என்று ஒரு கறுப்புப் பெட்டியை 2,800 ரூபாய்க்கும் என் தலையில் கட்டிவிட்டார்கள். ரேடியோவில் இருப்பதாகச் சொன்ன முக்கியமான வசதி எதுவும் அதில் இல்லை. ஆன்டெனா என்று தந்தது வெறும் பெட்டி. புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை இங்கே போடவில்லை. எப்படி ஏமாற்றுகிறார்கள் என்பது தெரிந்தால் எந்தக் கடையிலும் உங்களைக் காத்துக்கொள்ளலாம்.

நான் பள்ளி நாட்களிலிருந்து சிற்றலை கேட்கிறவள். அதனால் கேட்டதைத் தெளிவாகவே கேட்டேன். எஸ்.எஸ்.பி. வேண்டும். ‘சிங்கிள் சைட்பேண்ட்’ முறையில் வரும் பேச்சைத் தெளிவாக்கும் வசதி அது. அது இருந்தால்தான் 40 மீட்டர் என்ற சிற்றலைப் பட்டையில் ஹாம் நண்பர்கள், அதாவது அமெச்சூர் வானொலிக்காரர்கள், பேசுவது புரியும். ஒரே நிலையம் இரண்டு இடங்களில் கேட்காமலிருக்க இரட்டை மாற்றம், அதாவது டபுள் கன்வெர்ஷன் வேண்டும். டயல் முள்ளாக இல்லாமல் டிஜிட்டல் டியூனிங்காக இருக்க வேண்டும். கடைக்காரர் மூன்றுக்கும் யோசிக்காமல் தலையாட்டினார். “எல்லாமே இருக்கு மேடம். இதோ பாருங்க, டிஸ்ப்ளேவே டிஜிட்டல். இந்த சுவிட்சுதான் எஸ்.எஸ்.பி.” என்று பக்கவாட்டில் அந்த எழுத்துகள் அச்சடித்த சுவிட்ச் ஒன்றைக் காட்டினார். பண்பலையில் பாட்டு வைத்துக் காட்டினார். கணீரென்று கேட்டது.

சிற்றலையில் வைத்துக் காட்டச் சொன்னபோதுதான் தலைப்பில் இருக்கும் பதில் வந்தது. “கடைக்குள்ள ஷார்ட்வேவ் எடுக்காது மேடம். மேலெல்லாம் கான்கிரீட், சுத்தி எல்.இ.டி. லைட்டு. வீட்டு மாடில வச்சுப் பாருங்க, சும்மா அள்ளும்.”

இதில் பாதி உண்மை என்பதுதான் ஆபத்து. கான்கிரீட் கட்டடத்துக்குள், இரும்பு ஷட்டருக்குப் பின்னால், நாலு பக்கமும் சார்ஜரும் எல்.இ.டி. விளக்கும் எரியும் இடத்தில், எவ்வளவு நல்ல ரேடியோவிலும் சிற்றலை இரைச்சலாகத்தான் கேட்கும். அனுபவப்பட்ட நேயர் அதை மறுக்க மாட்டார். அந்த உண்மையை வைத்துக்கொண்டே சோதிக்க விடாமல் பணத்தை வாங்கிவிடுகிறார்கள். பிறகு நீங்கள் எந்தக் குறையோடு போனாலும் பழி ரேடியோ மேல் விழாது. உங்கள் வீடு, ஏரியா, வானிலை, ஒலிபரப்பு நிலையம் என்று வேறு எதன் மேலாவது போய் விழும்.

வீட்டு மாடியில் ராத்திரி வைத்துப் பார்த்ததில் முதலில் கண்ணில் பட்டது எண்கள். 9 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஒரு நிலையத்தைப் பிடித்து, கையை எடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி இலக்கம் தானாகவே ஒவ்வொன்றாக நகர்ந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் பேச்சு மங்கி, பக்கத்து நிலையம் உள்ளே வந்துவிட்டது. உண்மையான டிஜிட்டல் டியூனிங்கில் இப்படி நடக்காது. இது பழைய கண்டென்சர் டியூனிங். முள்ளுக்குப் பதிலாக அலைவரிசையை எண்ணிக் காட்டும் ஒரு கவுன்ட்டரை மட்டும் முகப்பில் பொருத்தியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட ரேடியோக்களும் சந்தையில் நேர்மையாகவே, குறைந்த விலைக்கு விற்கப்படுகின்றன. அதை டிஜிட்டல் டியூனிங் என்று சொல்லி விற்பது மோசடி.

அடுத்தது டபுள் கன்வெர்ஷன். 11,700 கிலோஹெர்ட்ஸில் பலமாகக் கேட்ட ஒரு நிலையம் 10,790-லும் அச்சு அசலாகக் கேட்டது. வித்தியாசம் 910. சாதாரண ரேடியோ வரும் அலையை 455 கிலோஹெர்ட்ஸ் என்ற இடைநிலை அலைவரிசைக்கு மாற்றித்தான் வேலை செய்கிறது. ஒரே ஒரு மாற்றம் மட்டும் இருந்தால், பலமான நிலையம் ஒவ்வொன்றும் 455-இன் இரு மடங்கு தள்ளி இன்னோர் இடத்திலும் பிம்பமாகத் தலைகாட்டும். அந்தப் பிம்பத்தைத் தவிர்க்கத்தான் இரட்டை மாற்றம் என்று ஒன்றை வைத்தார்கள். 910 தள்ளி அதே குரல் பலமாகக் கேட்டால், அட்டைப்பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் அது ஒற்றை மாற்றம்தான்.

எஸ்.எஸ்.பி. சுவிட்சைப் போட்டால் சத்தம் கொஞ்சம் மொத்தையாகும், அவ்வளவுதான். காலையில் 40 மீட்டரில் ஹாம்கள் பேசுவது, சுவிட்ச் போடாமல் எப்படி முனகலாகக் கேட்டதோ, போட்ட பிறகும் அப்படியே கேட்டது.

கடைக்கு போன் செய்தேன். “உங்க ஏரியால சிக்னல் வீக் மேடம்” என்றார்கள். ஆன்டெனாவை மாட்டியும் இப்படித்தான் இருக்கிறது என்றதும், “இப்பல்லாம் யாரு மேடம் ஷார்ட்வேவ்ல பேசுறாங்க, எல்லாரும் மூடிட்டுப் போயிட்டாங்க” என்று பேச்சை மாற்றினார்கள். இந்தப் பேச்சுதான் எனக்கு ரொம்ப வலித்தது. பிபிசி தமிழோசை 2017 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு வானொலியில் நின்றது, பல நாடுகள் சிற்றலையைக் குறைத்துவிட்டன, எல்லாம் உண்மை. இத்தனை வருடம் கேட்ட குரல்கள் ஒவ்வொன்றாக நின்றதில் வருத்தப்படாத நேயர் கிடையாது. அந்த வருத்தத்தையே தங்கள் பொய்க்குத் திரையாகப் பிடிக்கிறார்கள். இன்றைக்கும் மாலையில் 31 மீட்டரையும் 25 மீட்டரையும் ஒரு நல்ல ரேடியோவில் திருப்பினால் சீன வானொலியும், பிபிசியின் ஆங்கில ஒலிபரப்பும், கொரியாவின் கேபிஎஸ்ஸும், ருமேனியாவும் கேட்கின்றன. எதுவும் கேட்கவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ரேடியோவைத்தான்.

எங்கள் பஜாரில் டிவி, ஆம்ப்ளிஃபயர் எல்லாம் பழுது பார்க்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். ரேடியோவை அவரிடம் கொண்டுபோனேன். பின்மூடியைக் கழற்றி, எஸ்.எஸ்.பி. சுவிட்சிலிருந்து போன இரண்டு ஒயர்களையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் தொட்டுக்கொண்டே போனார். இரண்டும் வால்யூம் கன்ட்ரோல் பக்கத்தில் ஒரு சின்ன கெபாசிட்டரில் போய் முடிந்தன. “இது டோன் சுவிட்சும்மா. கீச்சுச் சத்தத்தைக் குறைக்கிறதுக்கு வச்சது. மேல எழுத்தை மட்டும் மாத்தி அடிச்சிருக்கான்” என்றார். முகப்பில் ஒட்டியிருந்த பிரபல கம்பெனியின் பெயர்த்தகட்டை ஓரத்தில் லேசாகச் சூடுகாட்டி நெம்பினார். அடியில் பிளாஸ்டிக்கிலேயே வேறொரு பெயர் அச்சாகியிருந்தது.

அப்புறம் ஆன்டெனா பெட்டி. மூடியில் ‘30 டிபி கெயின்’ என்று, அதாவது சிக்னலைப் பல மடங்கு பெருக்கும் என்று, எழுதியிருக்கிறது. ஆக்டிவ் ஆன்டெனா என்றால் உள்ளே குறைந்தது ஒரு டிரான்சிஸ்டராவது வைத்து ஒரு ஆம்ப்ளிஃபயர் இருக்க வேண்டும். நான்கு ஸ்க்ரூவைக் கழற்றினால் உள்ளே ஒரு சிவப்பு எல்.இ.டி., அதற்கு ஒரு ரெசிஸ்டர், ஒரு கெபாசிட்டர், கனமாக இருக்கட்டும் என்று குளூ போட்டு ஒட்டிய ஓர் இரும்புத் துண்டு. மேலே இருக்கும் குச்சி ஏரியலிலிருந்து வந்த ஒயர் அந்த கெபாசிட்டர் வழியாக நேராக வெளியே போகிறது. கரண்ட் எரிவது விளக்குக்கு மட்டும்தான். இதில் இன்னொரு கொடுமை: கூடவே கொடுத்த அடாப்டரைச் செருகியதும் இரைச்சல் இன்னும் ஏறியது. மலிவான அடாப்டர்கள் சிற்றலை முழுக்க இரைச்சலைக் கொட்டுபவை. ஏரியலுக்கு உயிர் கொடுப்பதாகச் சொன்ன கருவி, ஏற்கெனவே கேட்டதையும் கெடுத்தது.

எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். பிரித்துவிட்டீர்கள், அதனால் வாரன்டி இல்லை என்றார்கள். பிரிப்பதற்கு முன்பே போனில் சொன்ன குறைகளைக் கேட்டால், “பில் காட்டுங்க” என்றார்கள். பில் கேட்டபோது அவர்கள் தந்ததே ‘எஸ்டிமேட்’ என்று போட்ட ஒரு துண்டுச்சீட்டுதான். அதன் அடியில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று ரப்பர் ஸ்டாம்ப்.

அந்த ஸ்டாம்பைப் பார்த்து யாரும் பின்வாங்க வேண்டாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் தராததே முறையற்ற வணிக நடவடிக்கைதான். குறையுள்ள பொருளைப் பில்லில் குறித்த கெடுவுக்குள், கெடு எதுவும் குறிக்கவில்லை என்றால் 30 நாட்களுக்குள், திரும்ப வாங்க மறுப்பதும் அதே கணக்கில் வரும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நான் அதில்தான் முதலில் பதிவு செய்தேன். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள பொருளுக்கு அங்கே மனுக் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமலே போகலாம். பணத்தை யூ.பி.ஐ.யில் கட்டியிருந்தால் அந்த விவரமும் சாட்சிதான். எனக்கு இப்போது கையில் இருப்பது அதுவும், அந்த எஸ்டிமேட் சீட்டும், உள்பாகங்களின் புகைப்படங்களும்.

சரி, கடையிலேயே எப்படிச் சோதிப்பது? சிற்றலை எடுக்காத இடத்திலும் எஸ்.எஸ்.பி.யைச் சோதிக்க முடியும். இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். வாசலுக்கு வந்து மத்திய அலையில் (மீடியம் வேவ்) உள்ளூர் நிலையத்தை வையுங்கள். சென்னை என்றால் 720 கிலோஹெர்ட்ஸ், திருச்சி என்றால் 936. எஸ்.எஸ்.பி.யைப் போட்டு, மெல்ல ஒரு கிலோஹெர்ட்ஸ் மேலும் கீழும் நகர்த்துங்கள். எஸ்.எஸ்.பி. உண்மையாக இருந்தால் பேச்சோடு சேர்ந்து ஒரு விசில் வரும். நகர்த்த நகர்த்த அதன் சுருதி ஏறி இறங்கும். விசிலே வரவில்லை என்றால் அந்த வசதி வேலை செய்யவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள், கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி. அதே கையோடு மத்திய அலையில் 9 கிலோஹெர்ட்ஸ் படியாகப் போகிறதா என்றும் பாருங்கள். அமெரிக்கச் சந்தைக்கான 10 கிலோஹெர்ட்ஸ் படியிலேயே பூட்டப்பட்ட பெட்டியில் 936 சரியாக உட்காராது.

சிற்றலையைச் சோதிக்க மாலை 6 மணிக்கு மேல் போங்கள். கடைக்காரரையும் கூட்டிக்கொண்டு தெருவுக்கோ மொட்டை மாடிக்கோ வந்து 9,400 முதல் 9,900 கிலோஹெர்ட்ஸ் வரை திருப்புங்கள். 10,000-இல் சீனாவின் நேரக் குறிப்பு நிலையம் டிக் டிக் என்று கேட்டால் டிஸ்ப்ளே காட்டும் எண் சரியா என்றும் தெரிந்துவிடும். இதற்குச் சம்மதிக்காத கடையில் வாங்காதீர்கள்.

மாடலைப் பற்றியும் கேட்பீர்கள். டெக்சன் பிஎல்-330, எக்ஸ்ஹெச்டேட்டா டி-808 இரண்டும் சின்னவை, இரண்டிலும் எஸ்.எஸ்.பி. உண்டு. டெக்சன் பிஎல்-680 கொஞ்சம் பெரியது, சாதாரண டபுள் ஏ பேட்டரி நான்கில் ஓடும், கரண்ட் அடிக்கடி போகும் ஊருக்கு அது வசதி. பிஎல்-380 நல்ல பெட்டிதான், ஆனால் அதில் எஸ்.எஸ்.பி. கிடையாது. அதை எஸ்.எஸ்.பி. என்று சொல்லி விற்றால் நம்பாதீர்கள். எந்த மாடலாக இருந்தாலும், அந்த மாடலின் கையேட்டைப் போனில் திறந்து வைத்துக்கொண்டு, கையிலிருக்கும் பெட்டியின் ஒவ்வொரு பொத்தானையும் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெயர்த்தகட்டின் ஓரத்தை நகத்தால் தடவிப் பார்ப்பதும் நல்லது.

ஆன்டெனாவுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கும் முன் 20 அடி அல்லது 30 அடி சாதாரண இன்சுலேட்டட் ஒயரை முயன்று பாருங்கள். ஒரு முனையில் முதலைக் கிளிப் மாட்டி ரேடியோவின் குச்சி ஏரியலில் கவ்விவிட்டு, மறுமுனையை ஜன்னல் வழியாக வெளியே விட்டு, கரண்ட் கம்பிகளிலிருந்து நன்றாகத் தள்ளிக் கட்டினால் போதும். கையடக்கப் பெட்டிகளுக்கு அதைவிட நீளம் போட்டால் பல நேரம் கெடுதல்தான். பலமான நிலையங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழப்பும். இடி மின்னல் என்றால் உடனே கழற்றி வெளியே போட்டுவிடுங்கள். மலிவான லூப் (வளைய வடிவ) ஆன்டெனாக்கள் மோசம் என்று நான் சொல்லவில்லை. அவற்றில் லூப்பின் அடியிலேயே ஆம்ப்ளிஃபயர் இருக்கும், லூப்பைத் திருப்பினால் பக்கத்து வீட்டு இரைச்சல் குறையும், அது கண்கூடாகத் தெரியும். அதற்குக் கரண்டை அடாப்டரில் கொடுக்காமல் பவர் பேங்கில் கொடுத்துப் பாருங்கள்.

1915-இல் பதிவான பிறகு கடையிலிருந்து என்னை அழைத்து, ஆன்டெனாவுக்கு மட்டும் பாதிப் பணம் தருகிறோம், புகாரை வாபஸ் வாங்குங்கள் என்றார்கள். முழுப் பணமும் வராமல் வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இதே கறுப்புப் பெட்டி உங்களிடமும் இருந்தால், நான்கு ஸ்க்ரூவைக் கழற்றுவதற்கு முன்பே, குறையைச் சொல்லிக் கடைக்கு எழுத்தில் ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். பிரித்ததுதான் காரணம் என்று பிறகு அவர்கள் சொல்ல முடியாது. சீட்டு எவ்வளவு சின்னதாக இருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள்.