பாடாங் செராயில் ஒரு சி.என்.சி. பயிற்சி நிலையம்: ஆபரேட்டரா, செட்டரா?

கெடா மாநிலத்துப் பாடாங் செராய் சுற்றுவட்டாரத் தோட்டங்களில், இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதி முடித்த பிள்ளைகளுக்கு வேலை என்றதும் முதலில் நினைவுக்கு வருவது, 1996-இல் திறக்கப்பட்ட கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காதான். அங்கே போய்ச் சேர்பவர்களில் எனக்குத் தெரிந்த பலர் ஆபரேட்டராகவே நுழைந்து, ஆண்டுகள் பல கடந்தும் ஆபரேட்டராகவே இருக்கின்றனர். கணினிக் கட்டுப்பாட்டில் உலோகத்தை வெட்டும் சி.என்.சி. இயந்திரத்தில் துண்டை மாட்டி, கதவைச் சாத்தி, பச்சைப் பட்டனைத் தட்டுவது ஆபரேட்டர் வேலை. வரைபடத்தைப் படித்து, கருவிகளைத் தேர்ந்து, அளவுகள் தொடங்கும் பூஜ்யப் புள்ளி எது என்று இயந்திரத்துக்குக் காட்டிக்கொடுத்து, முதல் துண்டை அளவுக்குள் கொண்டுவருவது செட்டர் வேலை. ஒரு பயிற்சி நிலையம் இந்த இரண்டில் எதற்கு ஆளைத் தயார் செய்கிறது என்பதே நான் பார்க்கும் அளவுகோல். செட்டராகவே வயிறு வளர்ப்பவன் என்பதால் வேறு அளவுகோல் எனக்குத் தோன்றவும் இல்லை.

பட்டணத்தின் கடைவரிசைக்குப் பின்புறம் இயங்கும் இந்தத் தனியார் நிலையத்தில் என் தங்கை மகள் படிக்கிறாள். அவளை அழைத்துவரப் போகும்போதெல்லாம் பட்டறைக்குள் நின்று பார்த்ததை வைத்தே இதை எழுதுகிறேன். மலேசியத் திறன் சான்றிதழான எஸ்.கே.எம்.மின் 2, 3 ஆகிய நிலைகள் இங்கே கற்பிக்கப்படுகின்றன. அந்த அமைப்பில் முதல் மூன்று நிலைகள் சான்றிதழ். நான்காவது டிப்ளோமா, ஐந்தாவது உயர் டிப்ளோமா.

பாராட்ட வேண்டிய முதல் விஷயம், கணினித் திரைக்கு முன்னால் பிள்ளைகளை உடனே உட்கார வைக்காததுதான். தொடக்க வாரங்களில் அரத்தால் தேய்க்கவும், கையால் இயக்கும் லேத்தில் கடையவும், வெர்னியரையும் மைக்ரோமீட்டரையும் தவறில்லாமல் படிக்கவும் பழக்குகிறார்கள். இதைப் பழங்காலத்து முறை என்று சில பெற்றோர் முணுமுணுப்பதைக் கேட்டிருக்கிறேன். கருவியின் முனை மழுங்கும்போது எழும் சத்தத்தையும், வெட்டுச் சுருள் நிறம் மாறுவதையும் கையால் கடைந்தே பழகியவர்தான், கதவு சாத்திய சி.என்.சி. இயந்திரத்துக்குள் ஏதோ சரியில்லை என்பதை வெளியில் நின்றே உணர்வார். 10 மி.மீ. விட்டமுள்ள எண்ட்மில் என்ற சுழலும் வெட்டுக் கருவியை நிமிடத்துக்கு 100 மீட்டர் வெட்டு வேகத்தில் ஓட்ட, நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,180 சுற்றுகள் வேண்டும் என்று தாளில் கணக்குப் போட்ட பிறகே வேகத்தைத் தட்டச்சு செய்ய விடுகிறார்கள். அதுவும் நல்ல பழக்கம்.

பயிற்றுநர் ஆலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பாடம் மலாயில் நடக்கிறது, சந்தேகம் தமிழிலும் தீர்கிறது. நான் நின்றிருந்த ஒரு மாலையில் என் தங்கை மகள் ஃபானுக் நிறுவனத்துக் கட்டுப்பாட்டுப் பலகையில், பத்து மில்லிமீட்டர் நகர்த்தும் கட்டளை என்று நினைத்து ஜி01 எக்ஸ்10 என்று அடித்துவிட்டு, "சார், மிஷின் அசையவே இல்ல" என்றாள். "அசைஞ்சிருக்கும்மா, திரையைப் பாரு" என்றார் அவர். திரையில் 0.010 என்றிருந்தது. பத்துக்குப் பின்னால் புள்ளி வைக்காததால், அந்த இயந்திரத்தின் அமைப்புப்படி பத்து மில்லிமீட்டர் என்பது பத்து மைக்ரானாகிவிட்டது. அவர் அதோடு விட்டிருக்கலாம். ஆனால், வேறு அமைப்புள்ள இயந்திரத்தில் இதே எழுத்து பத்து மில்லிமீட்டராகவே ஓடும் என்றும், ஆகவே அறிமுகமில்லாத புரோகிராமை, கருவியைச் சுழற்றும் ஸ்பிண்டிலை உயரத்தில் நிறுத்தி, சிங்கிள் பிளாக் முறையில் வரி வரியாக ஓட்டிப் பார்க்காமல் உலோகத்தைத் தொடவிடக் கூடாது என்றும் சொல்லி, எல்லாரையும் அப்படியே செய்ய வைத்தார். ஜி54-இல் பூஜ்யம் வைப்பது, ஜி43-இல் கருவியின் நீளத்தைச் சேர்ப்பது ஆகியவற்றையும் ஒவ்வொருவரும் தாமே செய்து காட்டிய பிறகுதான் கையொப்பமிடுகிறார். செட்டரை உருவாக்குவது இந்தப் பகுதிதான், அது இங்கே உருப்படியாக நடக்கிறது.

குறைகளில் பெரியது அளவெடுக்கும் இடம். பட்டறையின் ஒரு மூலையில், மின்விசிறிக்கு அடியில், ஒரு மேசை; அவ்வளவுதான். நீள அளவுக்கான உலகத் தர வெப்பநிலை 20 பாகை செல்சியஸ். நம் ஊர் மதியத்தில் அந்த மூலையில் 32 பாகை எளிதாக இருக்கும். எஃகைவிட அலுமினியம் ஏறக்குறைய இருமடங்கு விரிவடையும் என்பதால், 100 மி.மீ. அலுமினியத் துண்டை அந்த வெப்பத்தில் எஃகு மைக்ரோமீட்டரால் அளந்தால் சுமார் 0.014 மி.மீ. கூடுதலாகக் காட்டும். நூறில் ஒரு மில்லிமீட்டருக்குள் வேலை கேட்கும் ஆலையில் அது நல்ல துண்டைக் கழிவாகவும், கழிவை நல்லதாகவும் காட்டப் போதுமானது. குளிரூட்டிய ஒரு சிறிய அறை கட்டுவதற்கு ஆகும் செலவு, வாசலில் தொங்கும் ஐந்து அச்சு இயந்திரப் படத்துக்கு ஆன செலவைவிட அதிகம்தான், ஆனால் உள்ளே இருப்பவை மூன்று அச்சு இயந்திரங்கள் என்பதைச் சேர்ந்த பிறகே அறிந்துகொள்ளும் பிள்ளைகளுக்கு அந்த அறையாவது கிடைத்திருக்கும்.

இயந்திரங்களும் போதவில்லை. ஒருவர் ஓட்டும்போது மற்றவர்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கிறார்கள். கணினி வரைபடத்திலிருந்து புரோகிராமை உருவாக்கும் கேம் மென்பொருள் பாடம் கடைசி வாரங்களில் அவசரமாக முடிக்கப்படுகிறது. அதைத் தனியாகப் பழகிக்கொள்ள வேண்டியிருக்கும். விடுதி ஆண்களுக்கு மட்டுமே, ஆகவே தொலைவிலுள்ள தோட்டத்துப் பெண்பிள்ளைகள் தினமும் யாருடைய மோட்டார் சைக்கிளையாவது நம்பியே வர வேண்டும்.

கட்டணத்துக்கு, திறன் மேம்பாட்டு நிதிக் கழகமான பி.டி.பி.கே.யின் நிதியை நாடலாம் என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். அது திருப்பிச் செலுத்த வேண்டிய கடன் என்பதைப் பெற்றோர் மனத்தில் கொண்டு கையொப்பமிட வேண்டும். சேர்வதற்கு முன், வாசல் படத்தை விட்டுவிட்டுப் பட்டறைக்குள் போய், ஒரு மாணவருக்கு வாரத்துக்கு எத்தனை மணி நேரம் இயந்திரம் கிடைக்கும் என்பதை எழுத்தில் கேளுங்கள். காலைக் குழுவைவிட ஆள் குறைவான மாலைக் குழுவில் இடம் கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.