கழுகுக் கூட்டை நேரலையில் பார்ப்பது: தருமபுரிக் கடிகாரப்படி

அமெரிக்கக் கழுகுக் கூட்டைத் தருமபுரியிலிருந்து சீசன் முழுக்கப் பார்க்க நினைப்பவர்களுக்கு முதலில் இடிப்பது நெட் வேகம் இல்லை, நேரம். கலிபோர்னியாவின் பிக் பேர் பள்ளத்தாக்கில் ஜாக்கி, ஷேடோ என்ற வெண்தலைக் கழுகு ஜோடியின் கூடு யூடியூபில் இரவு பகலாக ஓடுகிறது. குளிர்காலத்தில் அந்த ஊர் நமக்குப் பதிமூன்றரை மணி நேரம் பின்னால். ஜனவரியில் அங்கே விடியும்போது இங்கே இரவு எட்டேகால். அங்கே பொழுது சாயும்போது இங்கே காலை ஆறரை. நம்மூர்ப் பகலில் திறந்தால் கறுப்பு வெள்ளைப் படத்தில், முதுகுச் சிறகில் தலையைச் செருகித் தூங்கும் ஒரு பறவைதான் தெரியும்.

வழி இருக்கிறது. யூடியூப் நேரலையைப் பன்னிரண்டு மணி நேரம் வரை பின்னுக்கு இழுக்கலாம், சேனல்காரர்கள் அந்த வசதியை அடைத்து வைக்காதவரை. காலை ஏழு மணிக்குத் திறந்து சிவப்புக் கோட்டை இடது ஓரத்துக்கு இழுத்தால் அங்கே அதிகாலை ஐந்தரை. அங்கிருந்து கோட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே நகர்த்தி, பறவை எழுந்து நிற்கும் இடத்தில் மட்டும் நிறுத்திப் பார்த்தால் அரை மணியில் ஒரு பகல் முடிந்துவிடும். மார்ச் இரண்டாம் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை மாற்றுவார்கள். அதன்பின் வித்தியாசம் பன்னிரண்டரை மணி.

பார்க்கவேண்டியது ஜோடியில் அடைகாக்கும் ஆள் மாறும் நேரம். வந்திறங்கும் கழுகு முட்டைக் குழியை நெருங்கியதும் நகங்களை உள்ளே மடக்கி, முஷ்டி கட்டிய காலால் நடக்கும்; முட்டையில் நகம் பட்டால் ஓட்டை விழும். பிறகு அலகால் முட்டையைப் புரட்டி, புல்லை இழுத்துவிட்டு, இருபுறமும் அசைந்து அசைந்து அமரும். அடைகாப்பு 35 நாளுக்கு மேல். ஓட்டில் முதல் துளை விழுந்தபின் குஞ்சு வெளிவர ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும், அதனால் அவசரப்பட்டு ராத்திரி முழுக்க விழிக்கத் தேவையில்லை.

ஏமாற்றத்துக்கும் தயாராக இருங்கள். 2024ல் மூன்று முட்டையும் பொரியவில்லை. 2025ல் மூன்றும் பொரிந்து, மார்ச் பனிப்புயலில் ஒரு குஞ்சு செத்தது. மிஞ்சிய சன்னியும் கிஸ்மோவும் ஜூனில் பறந்தன.

டேட்டா விஷயம்: 480பி தரத்தில் வைத்தால் ஒன்றரை ஜிபி தினசரி பேக் சுமார் மூன்று மணி நேரம் தாங்கும். ‘ஆட்டோ’வில் விட்டால் அது தானாக மேலே ஏறி மதியத்துக்குள் தீர்த்துவிடும். கூடு அசையாத படம், பெரிய திரை இல்லையென்றால் 480பியே தாராளம். பைபர் வைத்திருப்பவர்களுக்குக் கரண்ட் கட்டுதான் பிரச்சினை. ரவுட்டர் அடாப்டரில் உள்ள வோல்ட்டைப் பார்த்து அதே அளவு மினி யூபிஎஸ் வாங்குங்கள். படம் உறைந்தால் வேறொரு வீடியோவை ஓட்டிப் பாருங்கள். அது ஓடினால் கோளாறு அந்தப் பக்கம். சூரிய ஒளி மின்சாரத்தில் ஓடும் கேமரா நாலு நாள் மேகமூட்டத்தில் படுத்துவிடும். லென்ஸில் பனி, சிலந்தி வலை, வளர்ந்த குஞ்சு பீய்ச்சும் எச்சம் எல்லாம் சகஜம்.

நேரலை என்று பழைய பதிவை ஓட்டும் சேனல்களும் உண்டு. ஜனவரியில் நம்மூர் மதியம் இரண்டு மணிக்கு பிக் பேரில் வெயில் அடித்தால் அது டூப்பு.

பகலில்தான் பார்க்க முடியும் என்பவர்களுக்கு ஐரோப்பாவின் எஸ்தோனியா நாட்டுக் கூட்டு நேரலை பொருத்தம். கோடையில் இரண்டரை மணி நேரமே பின்னால். ஆனால் அங்குள்ள சிறு புள்ளிக் கழுகுக் கூட்டில் மூத்த குஞ்சு இளையதைக் கொத்தியே கொன்றுவிடுவது வழக்கம். சின்னப் பிள்ளைகளோடு பார்க்க வேண்டாம்.

இதையெல்லாம் கவனித்த கண்ணுக்கு, மீன் கழுகுகள் வாழும் நம் காவிரி தெற்கு சரணாலயப் பக்கம் போகும்போது ஒன்று புரியும்: கழுகு கூட்டில் தலையைத் தூக்கி நம்மையே பார்த்தால் நாம் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டோம். அது எழுந்து பறந்தால் நம்மூர் வெயிலில் முட்டை வெந்துபோகும்.