மண்ணெண்ணெய் என்ஜின் நல்லதுதான், சந்தேகத்தை யாரிடம் கேட்பது?

மீன்பிடிப் படகின் பின்னால் பூட்டும் 25 குதிரைவலு மண்ணெண்ணெய் என்ஜினின் அருமை பெருமைகளை ஏற்கெனவே பலர் எழுதிவிட்டார்கள். எனக்கும் அதில் மறுப்பில்லை. வாடைக்காற்றில் நனைந்து கிடந்தாலும் இரண்டாவது இழுப்பில் கிளம்பிவிடுகிறது. பெற்றோலில் கிளப்பி, சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, கரை சேருமுன் மறுபடி பெற்றோலுக்குத் திருப்பிவிட்டால் மறுநாள் முரண்டு பிடிப்பதில்லை. 2022 ஆகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியபோதுகூட இதை விற்க எனக்கு மனம் வரவில்லை.

குறை ஒன்றே ஒன்று: என்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர். என்ஜின் ஓடும்போது பின்பக்கச் சிறு துளையால் பீய்ச்சியடிக்க வேண்டிய தண்ணீர் திடீரென்று நூலாக மெலிந்துவிடும். திருகோணமலையின் கொட்டியாற்றுக் குடாவின் நடுவே அதைப் பார்த்தால் வயிற்றில் புளியைக் கரைக்கும்.

படகு வைத்திருப்போரின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். பெயருக்கு முன்னால் 'பொறியியலாளர்' என்று போட்டிருக்கும் ஒருவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியுங்கள்." ஆமாம் ஆமாம் என்று பலர் வழிமொழிந்தார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. தெர்மோஸ்டாட் என்பது என்ஜின் சூடாகும்வரை குளிர்விக்கும் தண்ணீரைத் தடுத்துவைக்கும் வால்வு. அது இல்லாவிட்டால் என்ஜின் உரிய சூட்டுக்கு வராது. சூடேறாத என்ஜினில் மண்ணெண்ணெய் முழுதாக ஆவியாகாமல் பிளக்கில் கரி படியும். அந்தப் பேச்சை நம்பிக் கழற்றிய பக்கத்துப் படகுக்காரர் இப்போது பிளக் துடைத்தே களைத்துப்போகிறார்.

கிண்ணியா மெக்கானிக் ஒருவரும் குழுவில் இருந்தார். பெயருக்கு முன்னும் பின்னும் எதுவும் போடாதவர். அவர் பதில் சொல்லவில்லை, கேள்வி கேட்டார். வேகத்தைக் கூட்டினால் தண்ணீரும் கூடுகிறதா? கையில் பிடித்தால் வெதுவெதுப்பா, சுடுகிறதா? துளைக்குள் தங்கூசி (நைலோன் நூல்) விட்டுப் பார்த்தீர்களா? பார்த்தேன். தங்கூசி தடையில்லாமல் போனது, தண்ணீர் கூடவில்லை, கையைச் சுட்டது. "முதலில் பம்பின் ரப்பரைப் பாருங்கள். அது நன்றாக இருந்தால் என்ஜின் தலைக்குள் உப்புத்தான்" என்றார். ரப்பரில் ஒரு கீறலும் இல்லை. போன கிழமை தலையைத் திறந்தோம். தண்ணீர் ஓடும் வழியெங்கும் வெள்ளைக் கட்டி, நகத்தால் பெயர்க்க முடியாதபடி இறுகியிருந்தது. கடலால் வந்ததும் நல்ல தண்ணீரில் சற்று நேரம் ஓட்டிக் கழுவுங்கள் என்று சொல்லித்தந்தவரும் அவரே.

படித்தவர்களை நான் பழிக்கவில்லை. என்ஜினின் தண்ணீருக்குள் இறங்கும் அலுமினியக் காலில் பூட்டியிருக்கும் நாகத்துண்டுக்கும் (துத்தநாகத் துண்டு) சேர்த்துப் பெயின்ட் அடிப்பவர்கள் திருக்கடலூர்க் கரையில் இருக்கிறார்கள், தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்பவர்கள்கூட. கூடாது என்று தடுத்தவர் குழுவிலுள்ள இரசாயனவியல் ஆசிரியை. கடல்நீரில் நாகம் முதலில் கரைவதால்தான் அலுமினியம் தப்புகிறது, நாகத்தைப் பெயின்ட் மூடினால் அரிப்பு அலுமினியத்தில் தொடங்கும் என்று பொறுமையாக விளக்கினார். ஒரு பழைய காலைச் சுரண்டிப் பார்த்தோம். நாகத்துண்டு முழுதாக இருந்தது, அதற்கு அருகே அலுமினியம் குழிகுழியாக அரித்துப்போயிருந்தது. மெக்கானிக்கைப் போலவே இவரும் நாங்களே சோதித்துப் பார்க்கக்கூடிய ஒரு காரணத்தை எங்கள் கையில் தந்தார். பட்டத்தையோ வயதையோ காட்டி வாயடைக்கவில்லை. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

இந்த நிலையில் குழு நிர்வாகி புதிய விதி போட்டிருக்கிறார்: தொழில்நுட்பக் கேள்விகளுக்குச் சான்றிதழ் உள்ளவர்கள் மட்டுமே பதில் தரலாம். தவறான ஆலோசனையால் என்ஜின்கள் பழுதாகின்றன என்பது அவர் சொல்லும் காரணம். கவலை நியாயமானது, மருந்து தவறானது. தெர்மோஸ்டாட் ஆலோசனை பட்டத்தோடுதான் வந்தது! வேலை செய்தே தொழில் கற்றவர்களைச் சோதித்து என்.வி.கியூ. (தேசிய தொழிற் தகைமை) சான்றிதழ் கொடுக்கும் முறை நம் நாட்டில் உண்டு. மெக்கானிக் அதற்கு விண்ணப்பிக்கட்டும், நானே படிவம் நிரப்பிக் கொடுப்பேன். ஆனால் அது வரும்வரை அவர் வாயைப் பொத்திக்கொண்டிருக்க வேண்டும் என்பது அநியாயம். விதி வந்த நாளிலிருந்து அவர் ஒரு வரியும் எழுதவில்லை.

என்ஜின் பலமானது, சிக்கனமானது, உதிரிப்பாகங்களும் கிடைக்கின்றன. அப்படியிருந்தும் இன்று யாராவது என்னிடம் கேட்டால் வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். தண்ணீர் மெலியும் நாளில் சரியான கேள்வியைக் கேட்க ஆள் இல்லாமல் புதிதாக வாங்குபவர் என்ன செய்வார்? அந்த விதியை எடுத்துவிட்டு மெக்கானிக்கை மறுபடி எழுத அழைக்கட்டும், என் பதிலை அன்றே மாற்றிக்கொள்கிறேன்.